பாதிக்குக் கீழே இறங்காத தாங்கி

சிவலட்சுமி: …நில்லுங்கோ தம்பி. அந்தப் பெட்டியை என்ர கண்ணுக்கு முன்னாலதான் திறக்கோணும்.

நிரோஜன்: அக்கா, தாங்கியில எண்ணெய் அளக்கிற சென்சர் பார்க்க வந்தனான். களவெடுக்க வரேல்ல.

சிவலட்சுமி: களவெடுத்தது நான் எண்டுதானே கூட்டுறவுச் சங்கத்தில கதை. இந்த டீசல் தாங்கிக்குப் பதினொரு வருசமாப் பொறுப்பு நான். உங்களுக்கு ஏன் ரோசம் வருது?

நிரோஜன்: ஆர் அப்பிடிச் சொன்னது?

சிவலட்சுமி: எங்கட தலைவர். நாலு மணிக்குக் கூட்டம். 'கருவி சரி' எண்டு நீங்கள் ஒரு துண்டு எழுதிக் குடுத்தால் போதும், என்ர பேர் நேர பொலிசுக்குப் போகும். சொல்லேல்லையோ உங்களுக்கு?

நிரோஜன்: எனக்கு ஒண்டும் தெரியாதக்கா. கொம்பனி போகச் சொன்னது, வந்தன். இந்தப் பக்கமே இண்டைக்குத்தான் முதல் தரம்.

சிவலட்சுமி: ஓமோ… விசுவமடுவில இறங்கி இவ்வளவு தூரம் உள்ளுக்க வர, ஆரிட்டயும் வழி கேட்டனீங்களோ?

நிரோஜன்: …போனில பார்த்தனான்.

சிவலட்சுமி: ம். இஞ்ச சிக்னல் இல்லை, எங்களுக்குப் போனில கதைக்கவே மரத்தடிக்குப் போகோணும். சரி, திறவுங்கோ.

நிரோஜன்: இந்தா, நீங்களே பாருங்கோ. கடைசியா நிறைச்ச நாளில இருந்து ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் லீற்றர் குறைஞ்சிருக்கு. பம்பில வித்தது எவ்வளவு?

சிவலட்சுமி: ஆறாயிரத்து அறுநூறு.

நிரோஜன்: அப்ப மற்ற ஆயிரத்து முந்நூறும் எங்க?

சிவலட்சுமி: அதைத்தான் ஊரும் கேக்குது.

நிரோஜன்: நிலத்துக்குள்ள ஒழுகி…

சிவலட்சுமி: ஒழுகேல்ல. பக்கத்துக் கிணறு ரெண்டிலயும் தண்ணி அள்ளி மணந்து பார்த்தாச்சு.

நிரோஜன்: அப்ப ஆரோ எடுத்திருக்கோணும்.

சிவலட்சுமி: 'ஆரோ' எண்டு சொல்லேக்க என்ர முகத்தைப் பார்க்காதேங்கோ!

நிரோஜன்: நான் பார்க்கேல்ல… அந்த அளவுகோலைத் தாங்கோ. இதென்ன, கீறல் ஒண்டும் ஒழுங்கில்லை? மேல அகலமா, நடுவில நெருக்கமா, கீழ திரும்பவும் அகலமா… ஆர் கீறினது இதை?

சிவலட்சுமி: நான் கீறேல்ல, பயப்பிடாதேங்கோ. தாங்கி புதைச்ச நேரம் ஐந்நூறு ஐந்நூறு லீற்றரா ஊத்தி ஊத்தி, எனக்கு முதல் பொறுப்பா இருந்த தங்கராசா அண்ணை அரத்தால கீறினது. தாங்கிக்குள்ள விட்டுப் பார்த்து வாசியுங்கோ.

நிரோஜன்: …ஆறாயிரத்து அறுநூறு குறைஞ்சிருக்கு.

சிவலட்சுமி: கேக்கேல்ல. உரக்க.

நிரோஜன்: ஆறாயிரத்து அறுநூறு! ஆனால் அக்கா, கோலை ஆரும் திருத்தலாம். கருவி பொய் சொல்லாது.

சிவலட்சுமி: தலைவரும் இதையேதான் சொன்னவர். ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடமோ?

நிரோஜன்: பகிடி விடாதேங்கோ…

சிவலட்சுமி: சரி, பகிடி இல்லை. எண்ணெய்க்கு வரிசையில நிண்ட வருசத்துக்குப் பிறகு எங்கட சங்கத்துக்கு ஒரு பயம். தாங்கியைப் பாதிக்குக் கீழ இறங்கவே விடுறேல்ல. கால்வாசி குறையவே எண்ணெய் கொண்டுவாற பவுசர் லொறிக்குச் சொல்லியிடுவினம். பவுசர் வர முதல் ஒருக்காக் கருவியைப் பார்த்து எழுதுவினம். ஊத்தி முடிஞ்சாப் பிறகு ஒருத்தரும் பார்க்கிறேல்ல.

நிரோஜன்: அதுக்கென்ன?

சிவலட்சுமி: நான் பார்த்தனான். நாலு தரம். இந்தாங்கோ கொப்பி. பவுசர் ஊத்தினது எவ்வளவு?

நிரோஜன்: ஆறாயிரத்து அறுநூறு.

சிவலட்சுமி: கருவியில ஏறினது?

நிரோஜன்: ஏழாயிரத்து… தொள்ளாயிரம்.

சிவலட்சுமி: அப்ப களவெடுத்த ஆயிரத்து முந்நூறையும் பவுசர் வாற அண்டு நானே கொண்டுவந்து திருப்பி ஊத்துறனோ தம்பி? வாளியிலயோ, குடத்திலயோ?

நிரோஜன்: …கொஞ்சம் பொறுங்கோ.

சிவலட்சுமி: மூண்டு மாசமாப் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறன்.

நிரோஜன்: இந்தத் தாங்கி… நிக்குதோ, படுத்திருக்குதோ?

சிவலட்சுமி: என்ன கேள்வி இது?

நிரோஜன்: நிலத்துக்குள்ள, அக்கா. வெளியில மூடி மட்டும்தானே தெரியுது.

சிவலட்சுமி: படுக்கப் போட்டுத்தான் புதைச்சது. ஏன்?

நிரோஜன்: நிமித்தி வைச்ச தாங்கியில ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரே அளவு எண்ணெய். படுத்தது அப்பிடியில்லை. மேல ஒடுக்கம், நடுவில அகலம். மேல ஒரு அங்குலம் இறங்கினால் கொஞ்சம்தான் குறையும். இந்தக் கருவியில நிமித்தி வைச்ச தாங்கி எண்டு பதிஞ்சு கிடக்கு. அதுதான் உள்ளதைவிடக் கூடக் குறைஞ்சதாக் காட்டுது. ஊத்தினாலும் உள்ளதைவிடக் கூட ஏறினதாக் காட்டுது. பாதி மட்டும் இறங்க விட்டிருந்தால் ரெண்டு கணக்கும் ஒத்து வந்திருக்கும்.

சிவலட்சுமி: அப்ப கோல்?

நிரோஜன்: கோல்தான் சரி. அந்தக் கீறலைப் பார்த்து ஒவ்வொரு உயரத்துக்கும் அளவைப் பதிஞ்சால் ஒரு மணித்தியால வேலை. கூட்டத்துக்கு முதல் முடிச்சிடுவன். ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை.

சிவலட்சுமி: கையை எடுங்கோ!

நிரோஜன்: ஏனக்கா, திருத்தத்தானே போறன்?

சிவலட்சுமி: சத்தமில்லாமத் திருத்தினால் இனித்தான் சரியாக் காட்டும். போன நாலு தரமும் களவு எண்டே நிக்கும். 'கருவி பார்க்க ஆள் வந்ததும் சிவலட்சுமி அடங்கிட்டாள்' எண்டுவினம். முதல் எழுதுங்கோ. பிறகு திருத்துங்கோ.

நிரோஜன்: என்னெண்டு எழுத?

சிவலட்சுமி: பிழையாப் பதிஞ்சது எண்டு. ஆர் பதிஞ்சது எண்டும்.

நிரோஜன்: அது… முந்தி வந்த ஆரோ. இப்ப கொம்பனியில இல்லை.

சிவலட்சுமி: அப்பிடியோ. பேர்?

நிரோஜன்: தெரியாது.

சிவலட்சுமி: ஏனாம் அந்தாள் அப்பிடிச் செய்தவர்?

நிரோஜன்: அண்டைக்கு நல்ல மழை… முதல் நாள் உருத்திரபுரத்தில நிமித்தி வைச்ச தாங்கி ஒண்டுக்குப் பூட்டிட்டு, அதே பதிவை இதுக்கும் போட்டிட்டுப் போயிருப்பான். இது எப்பிடிக் கிடக்கு எண்டு ஆரிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கேல்ல.

சிவலட்சுமி: மழை தெரியுது. உருத்திரபுரம் தெரியுது. பேர் மட்டும் தெரியேல்ல.

நிரோஜன்: …எழுதினால் அவன்ர வேலை போகும் அக்கா.

சிவலட்சுமி: எழுதாட்டி நாளைக்கு என்ர பிள்ளையள் கள்ளியின்ர பிள்ளையளாப் பள்ளிக்கூடம் போகுங்கள்.

நிரோஜன்: பேனையைத் தாங்கோ. அது… அது நான்தான் அக்கா.

சிவலட்சுமி: தெரியும். நான் லீவில நிண்ட அண்டு கருவியைப் பூட்டிட்டு நீங்கள் குடுத்த துண்டு கந்தோர் பைலில கிடக்கு, பேரும் கையெழுத்துமா. படுத்த தாங்கிதான் காரணம் எண்டும் போன மாசமே கண்டுபிடிச்சிட்டன். நான் சொன்னால் கள்ளி தப்பப் பார்க்கிறாள் எண்டுவினம். அதுதான் வேற ஆரையும் அனுப்ப வேண்டாம், நிரோஜன் எண்டவரையே அனுப்புங்கோ எண்டு உங்கட கொம்பனிக்குப் பதிவுத் தபாலில கடிதம் போட்டனான்… ம், எழுதுங்கோ. மேல வலப்பக்கத்தில திகதி.