காலிக் கவர்

இந்த லெட்டர்ல இருக்குற கையெழுத்து என்னுதுதான் சார், இல்லேன்னு சொல்லல. கொஞ்சம் வராந்தாவுக்கு வாங்க, உள்ள பசங்க கணக்கு போட்டுக்கிட்டிருக்காங்க. ஜன்னலோரம் ஒரு இடம் காலியா இருக்கு பாருங்க, அதுதான் அவ இடம். ஆமா, உங்க ஃபைல்ல இருக்குற அதே பொண்ணு. ஒன்பது வயசு. கிளாஸ்ல தும்பின்னுதான் கூப்பிடுவாங்க.

இப்பவா? கீழ ஸ்கூல் ஆபீஸுக்குப் போயிருக்கா. நான்தான் அவசரம்னு சொல்லி ஒரு கவர் குடுத்தனுப்பினேன். உள்ள ஒண்ணும் இல்ல சார், காலிக் கவர்.

வேலைய விட்டு வெளையாடல சார். அவளால இருபது நிமிஷம் உக்கார முடியும். அதுக்கு மேல கால் ஆடும், அப்புறம் பெஞ்சு ஆடும், அப்புறம் பக்கத்துல இருக்குறவ நோட்டு காத்துல பறக்கும். அதனால கால் ஆடினதும் ஒரு கவர். நாப்பத்திரண்டு படி எறங்கணும். கீழ கிளார்க்கம்மா வாங்கி, முகத்த ரொம்ப சீரியஸா வச்சுக்கிட்டு, மேல ஒரு சீல் குத்தித் திருப்பிக் குடுப்பாங்க. ஏறி வந்தான்னா அடுத்த இருபது நிமிஷம் வகுத்தல் கணக்கு போடுவா. மீதியெல்லாம் சரியா வரும். இந்தப் பள்ளிக்கூடமே தன்னாலதான் நடக்குதுன்னு அவளுக்கு ஒரு நெனப்பு. என் கிளாஸ் அப்படித்தான் நடக்குது, அது வேற விஷயம்.

அப்ப லெட்டர்ல ஏன் வேற மாதிரி இருக்குன்னு கேக்குறீங்க. தேதியப் பாருங்க சார். பள்ளிக்கூடம் தொறந்து மூணாவது வாரம். காலைல போர்டு நெறைய கணக்கு எழுதிட்டுத் திரும்புறேன், மொத்தமும் அழிச்சாச்சு. ஏண்டின்னா, டஸ்டர் சும்மாதானே இருந்துச்சுங்குறா. மத்தியானம் அட்டெண்டன்ஸ் நோட்டு தண்ணித் தொட்டியில கெடக்கு. மிதக்குதான்னு பாத்தாளாம். மிதக்கல. சாயங்காலம் உக்காந்து ஒரே மூச்சுல எழுதிட்டேன். சாதாரண வகுப்புக்கு லாயக்கில்ல, சிறப்புப் பள்ளிக்கூடத்துக்கு மாத்துங்கன்னு. கவனக்குறைவுன்னு மட்டும் ஒன்பது தடவ வருது, இப்ப நீங்க நீட்டினப்ப எண்ணினேன்.

அந்த இன்னொரு பள்ளிக்கூடமா? போய்ப் பாத்தேன் சார். ரெண்டு பஸ் மாறணும். நல்லவங்கதான். ஆனா ஒரே தளம், படியே கெடையாது.

இல்ல சார், நான் அனுப்பவே இல்ல. கவர்ல போட்டு ஒட்டி, உங்க கல்வி ஆபீஸ் விலாசமும் எழுதி, மேசை டிராயர்ல போட்டு வச்சேன். மறுநாளே கோவம் போயிடுச்சு. கிழிச்சுப் போட்டிருக்கணும். போடல. அப்புறம் இந்தக் கவர் யோசனை வந்துச்சா, காலிக் கவரெல்லாம் வாங்கி அதே டிராயர்ல வச்சேன். அவ்வளவு புத்திசாலி நான்.

போன வாரம் போர்டுல எழுதிக்கிட்டிருக்கேன், பெஞ்சு ஆடுற சத்தம் கேக்குது. திரும்பிக்கூடப் பாக்காம டிராயருக்குள்ள கைய விட்டு, கெடச்சத எடுத்து நீட்டினேன். ஒட்டின கவர், மேல விலாசம். கிளார்க்கம்மாவக் குத்தம் சொல்ல முடியுமா? தபால் பையில போட்டுட்டாங்க.

எப்படித் தெரியும்னா, அவதான் வந்து சொன்னா. டீச்சர், இன்னிக்கு சீல் குத்தல, பையில போட்டுட்டாங்க, இன்னிக்குக் கவர்ல நெஜமாவே ஏதோ இருந்துச்சுன்னு. அப்ப மத்த கவரெல்லாம் காலின்னு அவளுக்கு மொதல்லேர்ந்தே தெரிஞ்சிருக்கு. ரெண்டு தடவ சொன்னா சார். நான் சரி சரி, போய் உக்காருன்னுட்டேன். நான்தான் கவனிக்கல. இன்னிக்கு நீங்க வந்து லெட்டர நீட்டினப்பதான் அவ சொன்னது எனக்குக் காதுல விழுந்துச்சு. அவள மாத்திடுவீங்களோன்னு பயமா இருக்கு சார்.

படியில சத்தம் கேக்குதா? அவதான். நீங்க கீழ ஆபீஸ்ல உக்காந்து நிதானமா யோசிங்க. லெட்டரத் திருப்பிக் குடுக்கலாம்னு தோணுச்சுன்னா, அதுக்காக நீங்க ஏறி வர வேணாம். அவ எப்படியும் இன்னும் இருபது நிமிஷத்துல கீழ வருவா. அவ கையில குடுத்துடுங்க. அவசரம்னு மட்டும் சொல்லுங்க, பத்திரமா கொண்டாந்து சேத்துடுவா.