வட்டமாப் போட்ட கையெழுத்து

அம்சவள்ளி: காய்ச்சல்னு சொல்ற... கையத் தொட்டா பானத் தண்ணியாட்டம் ஜில்லுன்னு இருக்கு.

மலர்கொடி: விட்டு விட்டு வரும்டி.

அம்சவள்ளி: பதினஞ்சு நாளாவா? காலேஜ் போற பஸ்ஸப் பாத்தா மட்டும் வருமோ?

காத்தாயி: நல்லா கேளு வள்ளி. திங்கக்கெழம பிராக்டிகல் பரிட்ச. எம்மவ படுத்தே கெடக்குறா. போவலன்னா படிப்ப நிறுத்திட்டு மாப்ள பாத்துடலாங்குறாரு இவ அப்பா.

அம்சவள்ளி: ஐயோ அத்த, அந்த மாப்ள பாவம்.

மலர்கொடி: அடி வாங்குவ.

காத்தாயி: பேசிட்டிருங்க. வாசல்ல கடல காயுது, கோழி வுட்டு வைக்காது.

அம்சவள்ளி: ...போயிட்டாங்களா?

மலர்கொடி: ம்.

அம்சவள்ளி: சிறுவாச்சூர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி குரும்பலூர் வந்துருக்கேன். பொய் சொல்லாத. காய்ச்சல் இல்ல... அந்த வாத்தியான் பிப்பெட்டுதான? கெமிஸ்ட்ரி ரெக்கார்டுல கையெழுத்து போடறேன்னு உன்ன மட்டும் ஸ்டோர் ரூமுக்கு கூப்ட்டிருக்கான். நீ அழுதுட்டே வெளிய வந்தத நம்ம கிளாஸ் ஆண்டாயி பாத்துருக்கா.

மலர்கொடி: மெதுவாப் பேசு... கதவச் சாத்திட்டு இடுப்பப் புடிச்சான்டி. தள்ளிவுட்டுட்டு ஓடியாந்துட்டேன். பிராக்டிகல் மார்க்கு என் கையிலதான்னு பின்னாலேர்ந்து சொல்றான்.

அம்சவள்ளி: போன வருசம் ஆண்டாயிகிட்டயும் இதான் சொல்லிருக்கான். கிருஷ்ணம்மாகிட்டயும்.

மலர்கொடி: கிருஷ்ணம்மாவா? வாயத் தொறந்தா மூடவே மாட்டாளே... ஒண்ணுமே சொல்லலையே.

அம்சவள்ளி: நீ சொன்னியா? நீ வராம போனப்பறம்தான் ஒவ்வொருத்தியா பேச ஆரம்பிச்சாளுவ. ஒரு சட்டம் போட்டோம். அவன் எவளத் தனியா கூப்ட்டாலும் எல்லாரும் போவணும். இந்த செவ்வாக்கெழம கிருஷ்ணம்மாளக் கூப்ட்டான்.

மலர்கொடி: போனீங்களா?

அம்சவள்ளி: பதினேழு பேரும். நோட்ட நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, ரேஷன் கடைக்கு நிக்கறாப்ல. பாட்டனி புள்ளைங்க ரெண்டு, என்னா ஏதுன்னே தெரியல, வரிசையப் பாத்துட்டு பின்னாலயே நின்னுட்டாளுவ.

மலர்கொடி: ஐயையோ... என்ன சொன்னான்?

அம்சவள்ளி: என்னம்மா ஊர்வலம்ங்குறான். கையெழுத்துக்கு சார்னோம். வேற வழி? போட்டான். பேனாவுல மை தீந்துபோயி, பாட்டனி புள்ளதான் பேனா குடுத்துச்சு.

மலர்கொடி: அவ நோட்டுலயுமா போட்டான்?

அம்சவள்ளி: செம்பருத்திப் பூ படத்துக்குக் கீழ.

மலர்கொடி: போதும்டி... வயிறு வலிக்குது.

அம்சவள்ளி: சிரி. பதினஞ்சு நாளுக்கும் சேத்து சிரி. அப்றம் மனு எழுதினோம். அங்கதான் வம்பு. மொத பேரு யாரு போடறது? மொதல்ல இருக்கறவதான் தலைவின்னு டி.சி.ய கிழிச்சுக் குடுத்துடுவாங்கன்னு பயம். ஆண்டாயி சாப்பாட்டுத் தட்டக் கவுத்து வட்டம் போட்டா. அதச் சுத்தி பேரு எழுதினோம். மொதலும் இல்ல, கடைசியும் இல்ல.

மலர்கொடி: பிரின்ஸ்பால் என்ன பண்ணாரு?

அம்சவள்ளி: பேப்பர இந்தப் பக்கம் சுத்துறாரு, அந்தப் பக்கம் சுத்துறாரு... வளைவுல பஸ் ஓட்டறாப்ல. யாரும்மா எழுதுனதுன்னாரு. எல்லாரும்னோம். நேத்து அவன சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. இப்ப எல்லா வாத்தியாரும் கதவத் தொறந்து வச்சுட்டுதான் பாடம் நடத்துறாங்க.

மலர்கொடி: நெசமாவா வள்ளி?

அம்சவள்ளி: விசாரிக்கிறது சம்பூர்ணம் மேடம். அவங்க ரூம்ல தனியா சொன்னா போதும், அவன் முன்னாடி நிக்க வேணாம். பிராக்டிகலும் அவங்கதான் பாக்குறாங்க. மார்க்குல எவனும் கை வைக்க முடியாது.

மலர்கொடி: என் பேரு...?

அம்சவள்ளி: போடல. உன்னக் கேக்காம எப்புடிடி போடறது? பயமா இருந்தா எதுவும் சொல்ல வேணாம். பரிட்சைக்கு மட்டும் வா. பஸ்ஸுல நான் எடம் புடிச்சு வைக்கிறேன்.

மலர்கொடி: பிரின்ஸ்பால் ஒடனே நம்பிட்டாரா?

அம்சவள்ளி: அதான்டி எங்களுக்கே புரியல. வியாழக்கெழம மல்லுக்கட்டணும்னு போனோம். ஒருதடவ படிச்சாரு... மேசைலேர்ந்து வேற ஏதோ காயிதத்த எடுத்து பக்கத்துல வச்சுக்கிட்டாரு.

மலர்கொடி: நீலக் கலரு? இன்லேண்டு லெட்டரு?

அம்சவள்ளி: ஆமா. உனக்கெப்புடி...

மலர்கொடி: நான் எழுதுனது. பேரு, கிளாசு, நம்பரு எல்லாம் போட்டு.

அம்சவள்ளி: அடிப்பாவி... இவ்ளோ நேரம் ஒண்ணும் தெரியாதவளாட்டம் கத கேட்டுட்டு உக்காந்திருக்க.

மலர்கொடி: நான் ஒருத்திதான்னு நெனச்சு எழுதினேன்டி. நீ பதினேழு பேருன்னு சொல்லச் சொல்ல... கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல இருந்துச்சு.

அம்சவள்ளி: மூக்கத் தொடச்சுக்க. திங்கக்கெழம வர்றியா இல்லியா?

மலர்கொடி: வரேன்... ஆனா அம்மாவுக்குத் தெரியவே கூடாது. காலேஜுக்கே அனுப்பாது. லீவு லெட்டர்னு சொல்லித்தான் அதுங்கிட்டயே குடுத்து தபால் பொட்டில போடச் சொன்னேன். படிக்கத் தெரியாதுல்ல.

காத்தாயி: படிக்கத் தெரியாதுதான். லீவு லெட்டர எவளாச்சும் அழுதுகிட்டே எழுதுவாளா? அதான் பொட்டில போடல. புதங்கெழம பஸ் ஏறி உங்க பெரிய வாத்தியாரு கையிலயே குடுத்து, சத்தமாப் படிங்கன்னேன். படிச்சுட்டு, உக்காருங்கம்மான்னாரு. அந்த ஆள வெளிய அனுப்புங்க, அப்றம் வந்து உக்கார்றேன்னு சொல்லிட்டு வந்தேன்டி... நீயா வாயத் தொறப்பன்னுதான் இத்தன நாளு பாத்துக்கிட்டிருந்தேன்.