தலைவலிக்காரி

எனக்கு டீயைச் சூடாகக் குடிக்க வராது. அது ஆறுவதற்குள், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன மனநோய் என்று எழுதிவிடுவேன், பிறகுதான் குடிப்பேன். இருபது வருடப் பழக்கம், இன்ஸ்பெக்டர் ஐயா. எழுதியதை அடித்ததில்லை. முதலில் தோன்றியதையே பிடித்துத் தொங்காதீர்கள் என்று மாணவர்களுக்கு வகுப்பெடுப்பவனும் நான்தான்.

என் தங்கை தையல்காரி. சின்ன வயதில் பரீட்சை வந்தால் தலைவலி என்று சுருண்டு படுத்துக்கொள்வாள். வீட்டில் அவளுக்குப் பெயரே தலைவலிக்காரி. போன வருடம் என் அறைக்கு வந்தாள். அண்ணன் டாக்டர் ஆயிற்றே, வேறு யாரிடம் போவாள்.

"அண்ணா, ஊசில நூல் கோக்க முடியல. ரெண்டு ஊசி தெரியுது. தலை வெடிக்குது."

"இப்ப எந்தப் பரீட்சை?" என்றேன். அவளும் சிரித்துவிட்டாள். மனப்பதற்றம் என்று எழுதினேன். டீயில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

அப்புறம் எல்லாமே பொருந்தி வந்தது. வாந்தி எடுத்தாள், பதற்றம். எரிந்து விழுந்தாள், பதற்றம். மாத்திரையைக் கூட்டினேன், நாள் முழுக்கத் தூங்கினாள். குணமாகிறாள் என்று எழுதினேன்.

"மச்சான், ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமே" என்று அவள் கணவர் மூன்று முறை கெஞ்சினார்.

"நீங்க குடுக்கிற செல்லம்தான் மாப்பிள்ளை இவ்வளவுக்கும் காரணம்" என்று அனுப்பிவிட்டேன்.

இரண்டு ஊசி தெரிகிறதே என்று அவளாகவே போய்ப் பார்த்த கண் டாக்டர் எனக்குக் கடிதம் எழுதினார். மூளையில் கட்டி இருக்கலாம், உடனே பாருங்கள் என்று. படித்தேன். தெரிந்தால் அவள் அதையே பிடித்துக்கொள்வாள் என்று மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

கடிதம் வந்த பதினோராம் நாள் தையல் மெஷின் மேலேயே சாய்ந்து உயிரை விட்டுவிட்டாள். கட்டி எலுமிச்சம்பழம் அளவு இருந்ததாம். என் தங்கச்சி, ஐயா. நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். இன்னும் அழுது தீரவில்லை.

கடித விஷயம் கண் டாக்டர் மூலம் மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. "அதை மறைச்சு நீங்கதான் அவளைக் கொன்னீங்க" என்று என் அறையில் கத்தினார். துக்கத்தில் வரும் சந்தேக நோய். எழுதினேன். என் வார்டிலேயே சேர்த்துப் பூட்டச் சொன்னேன்.

நீங்கள் கேட்ட கடிதம் இதோ. மறைத்தது நான்தான். அவளைக் கொன்றதும் நான்தான்.

ஆனால் மாப்பிள்ளையை இப்போது வெளியே விட்டுவிடாதீர்கள். நேற்றிலிருந்து அவர் கத்துவதில்லை, யாரையும் குற்றம் சொல்வதில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நோய் முற்றியிருக்கிறது.