நகரும் அடிக்கோடு

அந்த வருடத் தீபாவளி எந்தக் கிழமையில் வந்தது என்று கேட்டால் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. மழை பெய்ததா என்பதிலும் சந்தேகம்தான். பெய்தது என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகு ஒருநாள் வானிலைப் பதிவில் ஈரப்பதத்தைப் பார்த்தபோது பெய்திருக்க வழியில்லை என்று தெரிந்தது. அதனால் நான் சொல்வதில் எண்களை நம்புங்கள். மற்றவற்றை வேறு யாரிடமாவது விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சண்முகவேல். அப்பா திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். நான் படித்தது மின்னணுவியல், ஆராய்ச்சி செய்தது ஒளியில். தலைமுடியின் நூற்றைம்பதில் ஒரு பங்கு அகலத்தில் சிலிக்கான் சில்லில் ஒரு வளையப் பாதை செதுக்கி, அதில் ஒளியைச் சுற்றவிடுவது என் வேலை. பாதையின்மேல் பூசிய துகள்களில் வாயு வந்து ஒட்டினால் ஒளியின் நிறம் மிக நுட்பமாக மாறும். அதை வைத்துக் காற்றில் எந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லலாம். இதைச் சொல்லிக்கொண்டே பத்தொன்பது வருடங்கள் போயின. ஐந்து வருடம் வெளிநாட்டில், மீதி இங்கே ஒரு பொறியியல் கல்லூரியில். அனுப்பிய கட்டுரைகள் ஒரே குறிப்போடு திரும்பி வந்தன: ஆய்வகத்துக்கு வெளியே சோதிக்கப்படவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கு வேண்டிய தெம்பு எப்போதோ போய்விட்டது.

தரணீதரன் என்னோடு பள்ளியில் படித்தவன். பெருமாநல்லூர் பக்கம் சாயப்பட்டறை நடத்தினான். அங்கே கழிவுநீர்த் தொட்டியின் அடியில் சேறு தங்கும், அதை அள்ள ஆள் உள்ளே இறங்க வேண்டும். சேற்றிலிருந்து அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு கிளம்பும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் தெரியாது. இன்னும் கூடினால் இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவான். அதனால்தான் அந்தச் சில்லை வைத்து நான் செய்த பெட்டியை அங்கே வைக்க அவன் ஒப்புக்கொண்டான். சென்சார் தொட்டிக்குள்ளே, விளக்கும் அலாரமும் வெளியே. பச்சை எரிந்தால் இறங்கலாம். சிவப்பு எரிந்து கத்தினால் மூடியைத் திறந்துவைத்து, பெரிய ஃபேனை ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகுதான் இறங்க வேண்டும். அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியது நான்.

பெட்டி அடிக்கடி கத்தியது. தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் காசிமாயன், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். அவர் அதற்குச் சிணுங்கி என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு முறை கத்தும்போதும் வேலை நின்றது. ஒரு மாதத்தில் தரணி கூப்பிட்டான்.

"ஏம்ப்பா சம்முகவேலு, எங்க ஊட்டுக் கன்னுக்குட்டிகூட இத்தன கத்தாதப்பா. ஒண்ணு அத அடக்கு, இல்லீன்னா களட்டிக்கிட்டுப் போ."

கழற்றிக்கொண்டு போக எனக்கு மனமில்லை. அடக்கினேன்.

ஆய்வகத்தில் வாயு சிலிண்டரிலிருந்து வருகிறது. குழாயைத் திறந்தால் அளவு சட்டென்று ஏறும், மூடினால் சட்டென்று இறங்கும். மெதுவாக ஏறுகிற கோட்டை நாங்கள் வாயு என்று எடுத்துக்கொள்வதில்லை. சில்லுக்கு வந்த களைப்பு, டிரிஃப்ட் என்போம். கணினி அந்த ஏற்றத்தைக் கழித்துவிட்டு, அடிக்கோட்டை மேலே நகர்த்தி அதையே புதிய பூஜ்யமாக வைத்துக்கொள்ளும். எங்கள் துறையில் பல் துலக்குவது மாதிரி யோசிக்காமல் செய்கிற காரியம். பெட்டியிலும் அதைச் செய்தேன். கத்தல் நின்றது. காசிமாயன் போன் செய்தார்.

"என்ன சார், சிணுங்கி அழுகைய நிப்பாட்டிருச்சு. பால் குடுத்தீகளா?"

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு, என் ஆய்வு மாணவி மதுமதி இரண்டு வரைபடங்களைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்று கழித்த பிறகு வந்த கோடு, தரை மாதிரி கிடந்தது. மற்றது கழிப்பதற்கு முந்தைய கோடு. பட்டறை லீவில் தொட்டி மூடிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அது ஏறியிருந்தது.

"சார், இது டிரிஃப்ட் இல்லீங்க," என்றாள். "தொட்டியில யாருங்க குழாயத் தொறந்து மூடறாங்க? மாவு புளிக்கற மாதிரி மெதுவாத்தானுங்க ஏறும்."

அது எனக்குப் புரியவில்லை என்று சொல்லும்படி வக்கீல் சொல்லியிருக்கிறார். புரிந்தது. அவள் சொல்லி முடிப்பதற்குள்ளேயே புரிந்தது. லீவு முடிந்து பார்க்கலாம் என்றேன். நான் பார்த்துக்கொள்வேன் என்று நம்பி அவள் குன்னத்தூருக்குப் போனாள்.

தீபாவளிக்குத் திருப்பூர் எப்படிக் காலியாகும் என்று உங்களுக்குத் தெரியும். பத்து நாள் பட்டறை பூட்டிக் கிடந்தது, தொட்டி மூடிக் கிடந்தது. பெட்டி மட்டும் தன் பேட்டரியில் ஓடியது. கழிக்காத கோடு என் மேசைக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டாம் நாள் பத்து லட்சத்தில் தொண்ணூறு பங்கு. நான்காம் நாள் இருநூற்றுப் பத்து. ஆறாம் நாள் நானூற்றைம்பது. எட்டாம் நாள் அறுநூற்று நாற்பதில் தட்டையாக நின்றது. நூறு தாண்டினாலே ஆபத்து. ஆனால் இத்தனை வருடங்களில் நடுக்கமே இல்லாத அப்படி ஒரு கோட்டை நான் பார்த்ததில்லை. ஆளில்லாத கல்லூரிக்குத் தினமும் போய் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

பெட்டியின் நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும், பெட்டி அந்த நிமிடமே சிவந்திருக்கும். வருகிறவர்கள் ஃபேனைப் போட்டிருப்பார்கள். ஃபேனின் அதிர்வில் கோடு நடுங்கிப் பாழாகியிருக்கும். ஒரு சென்சாருக்கு ஏறத் தெரிந்தால் மட்டும் போதாது, இறங்கவும் தெரிய வேண்டும். அதைக் காட்ட யாராவது ஃபேன் போடாமல் மூடியைத் திறக்க வேண்டும்.

பத்தாம் நாள் காலை ஒன்பது பத்துக்குக் காசிமாயன் போன் செய்தார். ஊரிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"சார், சிணுங்கி பச்சை காட்டுது. இருந்தாலும் பத்து நாளா மூடிக் கெடந்த தொட்டி. எறங்கலாமா?"

நான் திரையைப் பார்த்தேன். கோடு அறுநூற்று நாற்பதிலேயே நின்றது. அவர் அவசரப்படுத்தவில்லை. போனில் எங்கோ ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது.

"பச்சைன்னா எறங்கலாங்க," என்றேன்.

"சரிங்க சார். நீங்க சொன்னாச் சரிதான்."

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மூடி திறக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். மூடியைத் திறக்கிறவர் அடுத்து இறங்குவார் என்பதும் தெரியும்.

ஒன்பது இருபத்து மூன்றுக்குக் கோடு இறங்க ஆரம்பித்தது. அழகாக இறங்கியது. ஐந்நூற்றுச் சொச்சத்தில் திடீரென்று ஒரு மேடு. அடியில் சேறு கலங்கினால்தான் அப்படி வரும். சட்டென்று ஏறியதால் அதைக் கழிக்க முடியவில்லை, பெட்டி கத்தியிருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் காசிமாயனின் மச்சினன் முனீஸ் ஓடிவந்து, அவரைத் தூக்க உள்ளே குதித்திருக்கிறான். நான்கு நிமிடம் கழித்து என் திரையில் இரண்டாவது மேடு வந்தது. போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கோடு கீழே வந்து சேரும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

காசிமாயன் தொட்டிக்குள்ளேயே இறந்தார். முனீஸை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், மறுநாள் இறந்தான். காசிமாயனின் மனைவி பழனியம்மாள் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு நூல் வெட்டுகிறார். பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். தரணீதரன் ஜாமீனில் இருக்கிறான், என் போனை எடுப்பதில்லை. மதுமதி ஆராய்ச்சியை விட்டுவிட்டு, குன்னத்தூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். அந்தக் கோட்டை வைத்து எழுதிய கட்டுரையில் அவள் பெயரைச் சேர்த்திருந்தேன், எடுத்துவிடச் சொல்லி ஒரு வரி எழுதினாள். கட்டுரை மார்ச்சில் வெளிவந்தது. நான்காவது படத்தில் அந்த இரண்டு மேடுகளும் இருக்கின்றன; 'சேறு கலக்கப்பட்டதால்' என்று கீழே எழுதியிருக்கிறேன். ஜூனில் என்னைப் பேராசிரியர் ஆக்கினார்கள்.

யாரும் கூப்பிடாமல் நானே இங்கு வந்ததற்குக் காரணம் உங்கள் விசாரணை அறிக்கை. பதினோராம் பக்கத்தில், மரணத்துக்குக் காரணம் சென்சார் கோளாறு என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை மாற்றிவிடுங்கள். அந்தப் பத்து நாளும் சென்சார் ஒருமுறைகூடத் தவறாக அளக்கவில்லை.