துணைக்குப் படுக்கிறவள்

இந்தா, அங்குட்டுத் தள்ளி ஒக்காரு. அந்த மூட்டையத் தூக்கி மடியில வையி, போறவுக வாரவுக மிதிச்சுப்புடுவாக. பத்து நாளைக்குத்தான ஒன்னயக் கூப்புட்டேன், என்னமோ கப்பலேறப் போறவ மாதிரி வீட்டையே கட்டித் தூக்கிட்டு வார. எந்தம்பியும் ஊரெல்லாம் தேடி ஒன்னயத்தான் பிடிச்சான் பாரு.

என்னது, மறுபடியும் மொதல்லருந்தா? அட கூறு கெட்டவளே, செக்காலையில பஸ்ஸுக்கு நிக்கிற நேரம் பூரா அதத்தான சொன்னேன், காதுல என்னத்த அடச்சு வச்சிருந்த? வேலைன்னு ஒன்னும் இல்லடி. படுக்கணும். கொத்தமங்கலத்துல உமையாள் ஆச்சி வீட்டுல, ராத்திரிக்கு ஆச்சி பக்கத்துல, தொணைக்குப் படுக்கணும். அம்புட்டுத்தேன். அந்த வீட்ட நீ பாத்ததில்லையே. முன்வாசல் இந்தத் தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. அம்புட்டுப் பெரிய வீட்டுக்குள்ள ஒத்தக் கெழவி. புருசன் போயி இருவது வருசமாச்சு. ஒரே மகன், சொக்கலிங்கம், அவரு மலாயாவுல ஈப்போங்குற ஊருல கடை வச்சுருக்காரு. ஆறு வருசமா ராத்திரித் தொணைக்கு நாந்தேன்.

ஆமாடி, படுக்குறதுக்குத்தேன் சம்பளம். சிரி, நல்லாச் சிரி. நானும் மொத நாளு சிரிச்சவதேன். பகல் பூரா நாத்து நட்டு இடுப்பு ஒடியிது, ராத்திரி காலை நீட்டுனா அதுக்கொரு கூலி, வயித்துக்குச் சோறு வேறன்னு. படுத்த பொறகுல்ல தெரிஞ்சது. படுக்கத்தேன் கூலி. தூங்க இல்ல.

பதினோரு மணிக்கு மொத முழிப்பு. பொன்னுத்தாயி, மேல யாரோ நடக்குறாப்புல இருக்கேம்பாக. டார்ச்சு லைட்டத் தூக்கிக்கிட்டு மேல ஏறிப் பாத்தா ஒரு எலி கூட இருக்காது. எலிக்கே அந்த வீட்டுல பயம். எறங்கி வந்து இப்பத்தேன் கண்ண மூடுவேன், பின்கட்டுக் கதவச் சாத்துனியாம்பாக. சாத்துனேன் ஆச்சி. தாப்பா போட்டியா? போட்டேன் ஆச்சி. ஆட்டிப் பாத்தியா? கதவ ஆட்டிப் பாக்க ஒரு தரம் எந்திரிக்கணும். அதுக்கப்பறம் மழை வந்தா வத்தல் நனஞ்சு போகுமேம்பாக. சித்திர மாசம், வானம் வெளக்கி வச்ச கும்பா மாதிரி கெடக்கு, அவுகளுக்கு மழை பெய்யிது. மூணு மணிக்குக் கடைசிக் கேள்வி. பொன்னுத்தாயி, சொக்குட்டருந்து கடுதாசி வந்துச்சா. இது ஒரு நாளும் தப்புனதில்லடி. எந்த ஊருலயாவது தபால்காரரு ராத்திரி மூணு மணிக்கு வாராரா? மத்தியானம் வந்த கடுதாசிய தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டே கேப்பாக. நானும் தூக்கக் கலக்கத்துல, வரும் ஆச்சி, வரும் ஆச்சின்னு சொல்லிப்புட்டுப் பெரண்டு படுத்துக்குவேன்.

இல்லாதவ ராத்திரி முழிச்சுக் கெடந்தா அதுல ஒரு நாயம் இருக்கு. விடிஞ்சா ஒலையில போட என்ன இருக்குன்னு நெனப்பா. அவுகளுக்கு என்ன கேடுங்குறேன். ஒரு அறை நெறைய வெங்கலப் பானை, ஒரு அறை நெறைய பீங்கான். அம்புட்டுச் சாமானும் அதுபாட்டுக்கு நிம்மதியாத் தூங்குது, அவுக மட்டும் முழிச்சுக்கெடந்து இருட்டுக்குள்ள தூண எண்ணுறாக. இருக்குற தூணெல்லாம் எங்கடி போகும், எந்திரிச்சு நடந்தா போகும்?

வைத்தியமா? பண்ணாத வைத்தியம் என்ன. சாதிக்காய அரச்சுப் பாலுல போட்டுக் குடுத்தாச்சு. கசகசா அரச்சுக் குடுத்தாச்சு. உள்ளங்காலுல வெளக்கெண்ணெயத் தேச்சுத் தேச்சு எங்கையெல்லாம் வழவழன்னு ஆனதுதேன் மிச்சம். குன்றக்குடி மலை ஏறி விபூதி வாங்கியாந்து தலகாணிக்குள்ள வச்சுத் தச்சாச்சு. காரைக்குடியில டாக்டரு ஒரு மாத்திரை குடுத்தாரு, அத முழுங்கிப்புட்டு ஆச்சி என்ன கேட்டாகன்னு நெனக்கிற? பொன்னுத்தாயி, மாத்திரை போட்டு நான் அசந்து போனா வீட்ட யாரு பாத்துக்குறதுன்னு. விடிய விடிய முழிச்சுருந்து மாத்திரையக் காவல் காத்தாக.

இப்பவா? இப்ப எழுப்புறதில்ல. மார்கழி பத்தொம்பதுலருந்து ஒரு ராத்திரி கூட என்னய எழுப்பல. மேல யாரும் நடக்கல, கதவு ஆடல, வத்தல் நனையல. கடுதாசியப் பத்தியும் கேக்கல. சாதிக்கா இப்பத்தேன் வேல செய்யிதுன்னு நானும் ரெண்டு மூணு நாளு மப்புல திரிஞ்சேன்.

ஆனா அன்னைக்கு விடியக்காலம் ஒரு கூத்து நடந்துச்சு. கண்ணு முழிச்சுப் பாத்தா பக்கத்துல பாய் மட்டும் கெடக்கு. கெணத்தடியில தண்ணிச் சத்தம். எழுவது வயசுப் பொம்பள, வெந்நி இல்லாம முகம் கூடக் கழுவ மாட்டாக, மார்கழிப் பனியில கட்டுன சீலையோட நின்னு, வாளி வாளியா எறச்சுத் தலையில ஊத்திக்கிட்டிருக்காக. என்ன பண்றீக ஆச்சி, சளி பிடிச்சுச் சாகவான்னு கத்துனேன். ஒடம்பு காந்துச்சு, பொன்னுத்தாயின்னாக. பணங்காசு இருக்குறவுகளுக்குப் பனியில கூட ஒடம்பு காந்துதுன்னு மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டே துண்டக் கொண்டாந்து குடுத்தேன்.

ஏன் நீ கெடந்து முழிக்கிற? கொறட்ட விடுவேனேங்குறியா? அது தெரியாதா எனக்கு. எந்தம்பி இந்தப் பனியில வெளிய கயித்துக் கட்டில இழுத்துப் போட்டுப் படுக்குறானே, காத்தாடவா படுக்குறான்? விடு, நல்லா விடு. ஆச்சி அதுக்கொன்னும் சொல்ல மாட்டாக.

அப்ப நீயே படுக்க வேண்டியதுதானங்குறியா? இதக் கேக்க இம்புட்டு நேரம். கண்டனூருல நட்டுட்டு வந்த நாத்து கூட ஒன்னயவிட வெரசா நிமிந்துரும்டி. என்னால முடியல. இருவது நாளா நான் தூங்கலடி. இந்தக் கண்ணப் பாரு. கோவப்பழம் மாதிரி இருக்கா?

எனக்கொரு சீக்கு இருக்கு, எந்தம்பி சொல்லிருப்பான். தூக்கத்துல பேசுவேன். ஒளறல் இல்லடி, தெளிவாப் பேசுவேன். கேள்வி கேட்டாப் பதிலுஞ் சொல்லுவேனாம். எங்க வீட்டு மனுசன் இருந்தப்ப, அவரு வாங்கியாந்த திருட்டுச் சாராயப் போத்தல வைக்கப் படப்புல ஒளிச்சு வச்சேன். ராத்திரி மெதுவா எங் காதுகிட்ட வந்து, எங்க வச்ச பொன்னுத்தாயின்னு கேட்டாராம். படப்புல, கெழக்காம, முழங்கை ஆழத்துலன்னு சொல்லிப்புட்டுத் திரும்பிப் படுத்தேனாம். விடிஞ்சு பாத்தா படப்பும் கலஞ்சு கெடக்கு, அவரும் கலஞ்சு கெடக்காரு.

சிரிச்சது போதும். கேளு. மெதுவாத்தேன் சொல்லுவேன், பின்னால கொத்தமங்கலத்து ஆளுக இருக்காக.

மார்கழி பதினெட்டு சாயங்காலம் நான் வேலைக்குப் போறேன், முன்வாசல்ல தந்திக்காரரு சைக்கிள நிறுத்துறாரு. ஆச்சி பூசையில இருந்தாக. நாந்தேன் கைநாட்டு வச்சு வாங்குனேன். எனக்கு எழுத்துத் தெரியுமா, பக்கத்து வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன். ஆச்சி கொழுந்தனாரு மகன் நாகப்ப செட்டியாரு, பங்காளி, பெரிய மனுசன், கழுத்துல கொட்டை, நெத்தியில பட்டை. பிரிச்சுப் பாத்தாரு. ஐயோ சொக்குன்னு ஒரு சத்தம். தறையில ஒக்காந்துட்டாரு. மாரடைப்பாம். ஈப்போவுல கடையிலயே விழுந்து முடிஞ்சு போச்சாம். அம்பது கூட ஆகலடி.

வாய மூடு. ஈ போகப் போகுது.

பாவம் மனுசன்னு நான் ஒரு செம்புத் தண்ணி மோந்து குடுத்தேன். அதக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அவரு பெரிய மனுசன் ஆயிட்டாரு. தை இருவதுல அவரு மகளுக்குக் கல்யாணம். மூணு வருசமா அங்க தட்டி இங்க தட்டி இப்பத்தேன் கூடி வந்துருக்கு. பங்காளி வீட்டுச் சாவுன்னா தீட்டு, கல்யாணம் நின்னு போகும். அவரு சொல்றாரு, இந்தா பொன்னுத்தாயி, எழவு காதுல விழுந்தாத்தான் தீட்டு. ஆச்சி காதுல விழல. எங் காதுலயும் விழல. நீ எங்கிட்ட எதுவும் குடுக்கல. கல்யாணம் முடியட்டும், அப்பறம் தந்தி வரும்னு. வந்த தந்தி எப்பிடி மறுபடியும் வரும்னு கேட்டேன். மொறச்சாரு. படிச்சவரு காதுல விழல, பக்கத்துல நின்ன கைநாட்டுக்காரி காதுல மட்டும் விழுந்துருச்சு பாத்தியா. ஊரு எழவத் தூக்கி எம் மடியில கட்டிப்புட்டு அவரு வெத்தல போடுறாரு.

அன்னைக்கு ராத்திரி நான் என்ன செஞ்சேன்னு நெனக்கிற? தூங்குனேன். நடவு நட்ட ஒடம்பு, கட்டைய நீட்டுன ஒடனே போயிருச்சு. அதுக்கு மறுநா ராத்திரிதேன் பகீர்னுச்சு, ஐயையோ நமக்கு அந்தச் சீக்கு இருக்கேன்னு. அன்னையிலருந்து முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டுப் படுக்குறேன். தொடையக் கிள்ளுறேன். மொளகாயக் கடிச்சுக்கிட்டுக் கெடக்குறேன். தூணக்கூட எண்ணிப் பாத்துட்டேன்டி. அம்பத்தாறு.

அஞ்சாவது ராத்திரின்னு நெனக்கிறேன். ஆச்சி மெதுவா, பொன்னுத்தாயின்னாக. மேல நடக்குறாகளாக்கும்னு நான் பேசாமக் கெடந்தேன். இன்னொரு தடவ கூப்புட்டாக. நான் மூச்சு விடல. நான் அசந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு, செவுத்துப் பக்கம் திரும்பி, தலகாணியக் கடிச்சுக்கிட்டு, ஒடம்பு மட்டும் குலுங்குதுடி. பொட்டுச் சத்தம் இல்ல.

வெளங்குதா இப்ப, அந்தக் கெணத்துத் தண்ணி? எழவு கேட்டவுக தலையில ஊத்திக்குற தண்ணிடி அது. யாரு சொன்னாகளா? ராத்திரியில அந்த வீட்டுல வேற யாரு இருக்கா? மூணு மணிக்கு அவுக எப்பயும் போலக் கேட்டுருப்பாக. சொக்குட்டருந்து கடுதாசி வந்துச்சான்னு. நான் தூக்கத்துலயே தெளிவாப் பதில் சொல்லிருக்கேன்.

ஆச்சி ஏன் வாயத் தொறக்கலையா? தொறந்தா அந்தப் பிள்ள கல்யாணம் நின்னு போகுமேடி. பகல்ல பாரு, நாகப்ப செட்டியாரு வீட்டுல முறுக்குச் சுத்துறவுக நடுவுல ஒக்காந்து, உப்புப் பத்தல, ஓமம் பத்தலன்னு வெரட்டிக்கிட்டிருக்காக. அந்த மனுசன் என்னடான்னா கெழவிய ஏமாத்திப்புட்டேன்னு எம் பக்கம் பாத்துக் கண்ணக் காட்டுறாரு. த்தூ. அவரு சாமர்த்தியத்த அவுக பெத்த வயித்துல வாங்கிக் கட்டிக்கிட்டுக் கெடக்குறாக, இது தெரியாம மீசைய முறுக்குறாரு.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? ஆறு வருசம் அவுகள நக்கலடிச்சுக்கிட்டே தின்னேன். முந்தாநாளு ராத்திரி எனக்கு இருமல் வந்துருச்சு. அந்தக் குலுக்கல் டக்குன்னு நின்னு போச்சு. தண்ணி வேணுமா பொன்னுத்தாயின்னு கேக்குறாக, கல்லு மாதிரிக் குரலு. நான் முழிச்சுக் கெடக்குறது அவுகளுக்குத் தெரிஞ்சு போச்சு. அதுலருந்து ரெண்டு ராத்திரியா மல்லாக்கப் படுத்து மேல பாத்துக்கிட்டே இருக்காக. அழுகல. நானும் கண்ண மூடிப் பாக்குறேன், தூங்குற மாதிரிக் கெடந்து பாக்குறேன், நம்ப மாட்டேங்குறாக. இப்பிடியே இன்னும் பத்து நாளு கெடந்தா நெஞ்சு வெடிச்சுப் போயிருவாகடி.

எந்திரி, எந்திரி, நம்ம ஊரு வந்துருச்சு. மூட்டைய எடு. கண்ணத் தொடச்சுக்க, கழுத, அழுத மூஞ்சியோட அந்த வாசப்படி ஏறாத. ராத்திரிச் சோத்த நல்லாப் போட்டு அமுக்கு. படுத்த ஒடனே தூங்கிரு. தூக்கம் வரலையா, வந்த மாதிரி ஆரம்பி. எந்தம்பிய வாசலுக்கு வெரட்டுற பாரு, அந்த மாதிரி, வீடு அதிர விடணும். நடுவுல நிறுத்திப்புடாத. நீ கொறட்ட விட்டாத்தேன் அவுக அழுவாக.