வெளிச்சத்துல நல்லாத்தான் இருந்துச்சு

இல்ல தம்பி, கால்குலேட்டர் புதுசுன்னு தெரியும். கவரைப் பிரிச்சுட்டா நான் வாங்காம போயிடுவேன்னு பயப்படாதீங்க. காசு எடுத்துக்கிட்டுத்தான் வந்திருக்கேன். உள்ள இருக்கிற பேட்டரி செல்லை மட்டும் கழட்டிடுங்க. சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு இருக்குமில்ல? கடை வச்சிருக்கீங்க, அதுகூட இல்லாமயா.

சோலார்ல ஓடுறதுக்கு எதுக்கு செல்லுன்னு போன வாரம் வரைக்கும் நானும் கேட்டிருப்பேன். ரெண்டும் இருக்குங்க அதுல. நமக்குத்தான் தெரியறதில்ல.

பக்கத்துல இருக்கிறதா? அது வேணாம். ம்… நானூறு வேலை செய்யுமா? எங்க வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகி உக்காந்திருக்கார், நாளுக்கு நாலு வேலை செய்யச் சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறார். இது என்னடான்னா நானூறு. இருக்கட்டும், எனக்கு இந்த மாடல்தான் வேணும். சாம்பல் கலர், தள்ளித் திறக்கிற மூடி, மேல கறுப்பா ஒரு பட்டை. இதேதான்.

மூடியைத் திருப்பிப் பாக்குறேன்னு சிரிக்காதீங்க, பழக்கதோஷம். உள்பக்கம் பென்சில்ல ஃபார்முலா எழுதிக் கொண்டாந்துடுவாங்க பிள்ளைங்க. ஆமா, டீச்சர்தான். கணக்கு இல்லப்பா, வரலாறு. கணக்குக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அதுதான் வினையே.

கழட்டுங்க, நான் நிக்கிறேன். ஆறு ஸ்க்ரூவா? பாருங்க, ஒரு பொட்டு மாதிரி இருக்கிற செல்லை மாத்த ஆறு ஸ்க்ரூ. எந்தப் பிள்ளை கழட்டி மாத்தும்? மூணு மணிக்குள்ள கிடைச்சாப் போதும். எதிர்ல பரீட்சை ஆபீஸ்ல ஒரு விசாரணை, அங்க கொண்டுபோய்க் காட்டணும்.

அதோ அந்த ஆபீஸ் வாசல்ல பெஞ்சு தெரியுதில்ல? மடியில துணிப்பையை வச்சுக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருக்காரே, பக்கத்துல உக்காராம நிக்குதே ஒரு பொண்ணு, அந்தப் பொண்ணுக்குத்தான் விசாரணை. காப்பி அடிச்சான்னு ரெண்டு வருஷம் பரீட்சை எழுதக்கூடாதுன்னுட்டாங்க. இன்னிக்கு அப்பீல். இன்னிக்கும் இல்லன்னுட்டா அவ்வளவுதான். அப்பா அதுக்குள்ள துணிக்கடையில வேலைக்குச் சொல்லி வச்சிட்டாராம். அந்தக் கடைக்காரர் வந்து எங்க ஸ்கூல் ஆயாகிட்ட சொல்லி, அது என் காதுக்கு வந்துச்சு.

என் பொண்ணா? இல்லப்பா. என் கிளாஸும் இல்ல, வேற ஸ்கூல்.

கழட்டிட்டீங்களா? இப்ப ஆன் பண்ணுங்க. ஓடுதில்ல? செல்லே இல்லாம ஓடுது, பளிச்சுனு எண்ணு தெரியுது. இப்ப அந்தக் கறுப்புப் பட்டையைக் கட்டைவிரலால மூடுங்க. முழுசா. பாத்தீங்களா, கரைஞ்சு போகுது. விரலை எடுங்க. வந்துடுச்சு. இவ்வளவுதாங்க விஷயம். செல் செத்தது வெளிச்சத்துல இருக்கிறவரைக்கும் யாருக்கும் தெரியாது. வச்சிருக்கிற பிள்ளைக்கே தெரியாது.

அன்னிக்கு கணக்குப் பரீட்சை, கால்குலேட்டர் வச்சுக்கலாம். காலையிலேயே மேகம் மூடிக்கிச்சு. பதினோரு மணிக்கு மழை, கரண்ட் போச்சு. ஜன்னல் ஒரு பக்கம்தான், இந்தப் பொண்ணு உக்காந்தது எதிர்ப்பக்கம் சுவர் ஓரம். ஹால் சூப்பர்வைசர் ஒரு அம்மா. புதுச் செருப்பு கடிச்சுக் குதிகால்ல புண்ணு வேற. இந்தப் பொண்ணு கால்குலேட்டரைத் தலைக்கு மேல தூக்கி, ஜன்னல் பக்கமாச் சாய்ச்சுப் பிடிச்சுது. அந்த ஜன்னலுக்கும் இவளுக்கும் நடுவுல வேற ஒரு பொண்ணு. முதல் தடவை அந்த அம்மா சும்மா பாத்தாங்க. ரெண்டாவது தடவை மேசையைத் தட்டினாங்க. மூணாவது தடவை நொண்டிக்கிட்டே போய்ப் பிடுங்கிட்டாங்க.

எதுக்குத் தூக்கினான்னா வெளிச்சம் வேணும்னு. அந்த அம்மா என்ன நெனச்சாங்க, பக்கத்துப் பொண்ணுக்கு விடையைக் காட்டுறான்னு. ரெண்டு பேர் பேப்பரையும் வாங்கிப் பாத்தா மூணாவது கணக்குக்கு ஒரே விடை. அதையும் எழுதினாங்க. சரியான விடை ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தானே இருக்கும்? அப்ப தோணல. சிரிங்க, பரவாயில்ல. எனக்குத்தான் சிரிப்பு வர மாட்டேங்குது.

பொண்ணு சொல்லிச்சு. மங்குது டீச்சர், எண்ணு மங்குதுன்னு சொல்லிச்சு. அந்த அம்மாவும் நியாயஸ்தங்கதான், சரி பாத்துடுவோம்னு வாங்கிட்டுப் போனாங்க. எங்க போனாங்க தெரியுமா? சுவர் ஓரம் இருட்டா இருக்கேன்னு ஜன்னல்கிட்ட போனாங்க. அங்க வச்சுப் பாத்தா பளபளன்னு தெரியுது. வெளிச்சத்துல நல்லாத்தான் இருந்துச்சு. உடனே ரிப்போர்ட்ல இன்னொரு வரி. விசாரித்தபோது பொய் சொன்னாள்னு.

அந்த வரிதான் அவளைத் தூக்கிடுச்சு. காப்பிக்கு மட்டும்னா அந்த ஒரு பரீட்சையோட விட்டிருப்பாங்க. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல அந்த அம்மா ஒரு கேஸ்கூடத் தப்பா எழுதினதில்லன்னு பேரு. அதனால யாரும் மறுவார்த்தை கேக்கல. அந்தக் கால்குலேட்டரை உறையில போட்டு அரக்கு வச்சு உள்ள எங்கயோ பீரோவுல வச்சிருக்காங்க. அதைப் பிரிச்சு ஒரு நிமிஷம் இருட்டுல வச்சுப் பாக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல.

எனக்கு எப்படித் தெரிஞ்சுதா? போன செவ்வாய்க்கிழமை எங்க ஸ்டாஃப் ரூம்ல கரண்ட் போச்சு. கணக்கு வாத்தியார் மார்க் கூட்டிக்கிட்டே அவர் மச்சானைத் திட்டிக்கிட்டிருந்தார். திட்டறதை நிறுத்தாமலே கால்குலேட்டரைத் தூக்கி ஜன்னல் பக்கமாச் சாய்ச்சார். என்ன சார் பண்றீங்கன்னேன். செல் போயிடுச்சு டீச்சர், ரெண்டு வருஷமா இப்படித்தான் ஓடுதுன்னுட்டு மறுபடி மச்சானுக்கு வந்துட்டார்.

அன்னியிலேருந்து எனக்கு ஒண்ணும் உறைக்கல தம்பி. சாப்பிடுறேன், பஸ்ஸுக்கு நிக்கிறேன், பாடம் நடத்துறேன். குழம்புல உப்பே இல்லன்னு வீட்டுக்காரர் சொல்றார், எனக்கு நாக்குல எதுவும் படல. அழுதாலாவது தீரும்னு ஒரு நாள் சமையல்கட்டுல கதவைச் சாத்திட்டு உக்காந்தேன். வரல. எழுந்து பாத்திரம் கழுவிட்டேன்.

அவர்கிட்டயும் சொன்னேன். வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதேன்னார். உன் ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் பதினோரு மாசம், வாயை மூடிக்கிட்டு இரு, மெமோ வந்தா பென்ஷன்ல கை வைப்பாங்கன்னார். கெட்ட மனுஷன் இல்ல, பயந்த மனுஷன். நானும் அவரும் அதுல சரியான ஜோடி.

என்னங்க? செருப்பு கடிச்சதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா? தெரியும். இருங்க, அந்தப் பின்னாடி அலமாரி சந்து இருட்டாத்தானே இருக்கு? நோட்டுக் கட்டுங்களுக்கு நடுவுல? அங்க போய் ஒரு தடவை பாத்துக்கிறேன். உள்ள போய்க் காட்டும்போது சரியா மங்கலேன்னா மானம் போயிடும். இல்லல்ல, லைட்டைப் போடாதீங்க.

ம். ஆன்ல இருக்கு. பதினேழு பெருக்கல் இருபத்தி மூணு. வந்துச்சு… முந்நூத்தி… போச்சு. ஒண்ணுமே இல்ல. கண்ணு முன்னாடியே போயிடுச்சு.

தம்பி, இங்க பாருங்க. என் கையைப் பாருங்க. நான் தூக்கலீங்க, அதுவாப் போகுது. உங்க கடை வாசலைப் பாத்துத் தலைக்கு மேல தானாப் போகுது. யாரா இருந்தாலும் இப்படித்தானே தூக்குவாங்க?

அந்தப் பொண்ணு இங்கதான் பாக்குது. பாத்துட்டுப் போகட்டும். என் மூஞ்சி அதுக்கு மறக்காது.

சரி, பில் போடுங்க. ரெண்டுக்கு. ரெண்டாவது செல்லோட இருக்கட்டும், அது அவளுக்கு. எது நல்லதுன்னு நீங்களே பாத்து எடுங்க. எண்ணு பெருசா தெரியணும், பட்டனைத் தட்டினா சத்தம் வரக்கூடாது, இருட்டுலயும் எரியணும். அவ்வளவு போதும். என் கையால வாங்கிப்பாளான்னு தெரியல. வாங்காட்டி அவங்கப்பா பையில போட்டுட்டு வந்துடுறேன்.

பில்லுல பேரா? ஆபீஸ்ல கேப்பாங்களோ என்னமோ. ஹால் சூப்பர்வைசர்னே போடுங்க. ஆமாப்பா, அந்த அம்மா நான்தான். மணி ரெண்டே முக்கால் ஆயிடுச்சா? அந்த ஸ்க்ரூவை ரொம்ப இறுக்கிடாதீங்க. அவங்க எல்லார் முன்னாடியும் நானே கழட்டணும்.