டெவ்லின் துரையின் கட்டம்

உங்கள் காற்சட்டையில் வலது கால் சற்று நீளமாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்கள் உள்ளே வந்து கதிரையில் உட்காரும்போதே கண்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தத் தொழிலில் கண் கெட்டுப்போய்விடுகிறது. தைத்தவன் உங்களை நிற்கவைத்து அளக்கவில்லை. பழைய காற்சட்டை ஒன்றை மேசையில் போட்டு அளந்திருக்கிறான். மனிதனை அளக்காமல் உடுப்பைத் தைக்கக்கூடாது என்பது என் கொள்கை. டெவ்லின் துரையை நான் நன்றாகத்தான் அளந்தேன்.

நேற்று உங்கள் கான்ஸ்டபிள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். மரியாதையாகக் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். பரவாயில்லை.

என் பெயர் வலன்ரைன். கொட்டாஞ்சேனையில் பெரிய கோயிலுக்குப் போகிற வழியில், அலவி நானாவின் சாரக் கடைக்கு அடுத்த தையற்கடை என்னுடையது. துறைமுகத்து வெள்ளைக்காரருக்குத்தான் அதிகம் தைப்பேன். அவர்களில் ஸ்கொட்லாந்துக்காரர் சிலருக்குக் கில்ட் தைத்துப் பழக்கம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள், விருந்துகளுக்கு ஆண்கள் கட்டிக்கொண்டு போகும் மடிப்புப் பாவாடை, கட்டம் போட்ட கம்பளித் துணியில். தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு அதுவும் எங்கள் ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் சாரம் மாதிரித்தான். ஆனால் அந்தக் கட்டம் சும்மா கட்டம் இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று. பச்சையில் நீலக் கோடு ஓடினால் இன்னார் வீட்டுப் பிள்ளை, சிவப்பில் கறுப்பு ஓடினால் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். துணியை அவர்களே ஊரிலிருந்து எடுப்பித்துத் தருவார்கள். மடிப்பு எடுத்துத் தைப்பது மட்டும் என் வேலை.

டெவ்லின் துரை அயர்லாந்துக்காரர். துறைமுகத்தில் பாரந்தூக்கிகளுக்குப் பொறுப்பான என்ஜினியர். லிவர்பூலில் கன்னியாஸ்திரிகள் நடத்திய அநாதை மடத்தில் வளர்ந்தவர். தாய் கோர்க் என்ற ஊர்க்காரி என்பதற்கு மேல் தன்னைப் பற்றி அவருக்கே ஒன்றும் தெரியாது. தொழிலாளிகளோடு வருடக் கணக்காகக் கதைத்துக் கதைத்துத் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கொட்டாஞ்சேனைப் பொடியன் ஒருவன் கதைக்கிறான் என்றுதான் நினைப்பீர்கள். என்னோடு அவர் இங்கிலீஷில் கதைத்ததே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன், ஸ்கொட்லாந்துக்காரரின் விருந்து ஒன்று முடிந்த மறுநாள் கடைக்கு வந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. விருந்துக்கு எல்லோரும் தங்கள் தங்கள் கட்டத்தோடு வந்திருந்தார்களாம். இவர் வெறும் கோட்டோடு போக, உனக்கென்று ஒரு கட்டம்கூட இல்லையா, உன்னைப் பெற்றவர்கள் யார் என்று ஒருத்தருக்கும் தெரியாதா என்று ஒருவன் கேட்டுச் சிரித்தானாம்.

"வலன்ரைன், எங்கட ஆக்களுக்கும் கட்டம் இருக்கோ?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது துரை என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி ஐயா சொல்வது?

"இல்லாமலோ? டெவ்லின் எண்டால் பேர்போன குடும்பமெல்லோ," என்றேன்.

அந்த நேரம் பார்த்து அலவி நானா தன் கடை வாசலில் சாரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். மருதமுனையில் நெய்து வந்த புதுச் சாரங்கள். அதில் ஒன்று என் கண்ணில் பட்டது. கரும்பச்சை நிலம், அதில் மஞ்சள் கோடு, கறுப்புக் கோடு, ஓரத்தில் ஒற்றை வெள்ளை இழை. துரைக்கு முதுகு வாசல் பக்கம். நான் அவருடைய தோளுக்கு மேலால் அந்தச் சாரத்தைப் பார்த்துப் பார்த்தே சொன்னேன். பச்சை உங்கள் ஊர்ப் புல்வெளி. மஞ்சள் உங்கள் பழைய ராசாமார் உடுத்த நிறம். கறுப்பு பஞ்சம் வந்து சனம் செத்த காலம்.

"வெள்ளை?" என்றார் துரை.

"அது தாய் வழி," என்றேன்.

துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பெரிய ஆண்பிள்ளை, பாரந்தூக்கிக்குக் கீழே அஞ்சாமல் நிற்கிறவர். நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டேன்.

இதைப் பொய் என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். தாயும் தகப்பனும் இல்லாத ஒருவருக்கு நான் ஒரு பரம்பரை தைத்துக் கொடுத்தேன். ஸ்கொட்லாந்துக்காரனின் கட்டத்தையும் என்றைக்கோ ஒரு நெசவுக்காரன் இருந்து யோசித்தவன்தானே.

அலவி நானா மூலம் அதே கட்டத்தைக் கம்பளி நூலில் நெய்வித்தேன். எதற்கு என்று அவர் கேட்டபோது உண்மையைச் சொல்லிவிட்டேன். அது என் பிழை. மனுஷன் வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"அப்ப நான் கட்டீக்கிறது எந்த ராசாட சாரம் வலன்ரைன்?" என்றார்.

அயர்லாந்துக்காரரின் திருநாள் விருந்துக்குத் துரை அந்தக் கில்ட்டோடு போனார். அதன்பிறகு மற்றவர்களும் வரத்தொடங்கினார்கள். ஒருவருக்கு ஒரு கோடு கூட்டினேன். ஒருவருக்குப் பச்சையைக் குறைத்து நீலம் வைத்தேன். விதவைத் தாய் வளர்த்த ஒருவருக்கு வெள்ளை இழையை இரட்டையாக்கினேன், அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். 'அயர்லாந்துக் குலக் கட்டங்கள்' என்று வாசலில் பலகை போட்டேன். கோட்டைப் பகுதியில் பெரிய கடைகளில் தைக்கிற துரைமார் கொட்டாஞ்சேனைக்கு வந்து இறங்கினார்கள். முன்பெல்லாம் 'ஏய் ரெயிலர்' என்று கூப்பிட்டவர்கள் 'மிஸ்டர் வலன்ரைன்' என்றார்கள். கோயிலில் முன்வரிசையில் இருந்தவர்கள் நான் வந்தால் தள்ளி இருந்து இடம் விட்டார்கள். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இதற்கும் நான் செய்ததற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த வருடம் தவக்காலம் தொடங்க, அயர்லாந்திலிருந்து புதிதாக வந்த இளம் பாதர் ஒருவர் அங்கி தைக்கக் கடைக்கு வந்தார். பலகையைப் பார்த்தார். சிரித்தார். எங்கள் நாட்டில் குடும்பத்துக்கு ஒரு கட்டம் என்ற வழக்கமே இல்லை, அது ஸ்கொட்லாந்துக்காரருடையது என்றார். எங்கள் பைப் வாத்தியக்காரர் கில்ட் கட்டுவார்கள்தான், ஆனால் கட்டமும் இல்லை, கோடும் இல்லை, முழுக்க ஒரே நிறம், காவி கலந்த மஞ்சள் என்றார்.

முதலில் எனக்குச் சந்தேகம் வந்தது அவர்மேல்தான். காவி இங்கே பிக்குமாரின் நிறம். அதை முழங்கால் தெரியக் கட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரன் களனி விகாரைப் பக்கம் போனால் சனம் சும்மா விடுமா? ஆனாலும் பாதர் பொய் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை.

"டெவ்லினுக்கு நான் சொல்லமாட்டேன்," என்றார். "பாவம், சந்தோசமாக இருக்கிறான். ஆனால் கோர்க்கில் யாராவது சொல்லிவிடுவார்கள்."

துரை லீவில் கோர்க்குக்குப் போக இருந்தார். தாயின் ஊரை முதன்முதலாகப் பார்க்கப் போகிறார். "உன்ர கில்ட்டைக் கட்டிக்கொண்டு தெருவில நடக்கப்போறன். ஆர் வந்து கதைக்கினம் எண்டு பாப்பம்," என்று என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அதன்பிறகு எனக்கு நித்திரை இல்லை. யார் சிரித்தாலும் எதற்குச் சிரிக்கிறான் என்று பார்த்தேன். துரையின் சமையற்காரி றோஸி எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். ஏன் பொத்தவேண்டும்? ஒருநாள் துரையும் அலவி நானாவும் கடை வாசலில் கதைத்துக்கொண்டு நின்றார்கள். நான் வெளியே வந்ததும் கதை நின்றுவிட்டது.

துரை போனபின் கேட்டேன். "நானா, துரை என்ன கதைச்சவர்?"

"மழ வருமா எண்டு கேட்டாரு."

மாசி மாத வெயிலில் யார் மழையைப் பற்றிக் கதைப்பார்கள்?

"அந்தப் பச்சைச் சாரத்தை உள்ளுக்கு எடுத்து வையுங்கோ."

"ஏன், ராசாமாருக்குக் கோவம் வருமா?" என்றார் நானா. அவருக்கு எல்லாம் பகிடி.

நான் ஆற அமர யோசித்தேன். துரை கோர்க் தெருவில் நிற்பார். சனம் சுற்றி நின்று சிரிக்கும். தாய் வழி என்று நான் சொன்ன அந்த வெள்ளை இழையை அவர் குனிந்து பார்ப்பார். அந்த வெட்கம் அவருக்கு வரக்கூடாது. பரம்பரை உள்ள மனிதராகவே அவர் போய்ச் சேரவேண்டும். இதை ஒரு நல்ல நோக்கம் இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா? எப்படிப் பார்த்தாலும் ஒரு வழிதான் இருந்தது.

கப்பல் ஏறுவதற்கு இடுப்பைக் கொஞ்சம் தளர்த்தித் தரச் சொல்லியிருந்தார். தைத்து முடித்து, பின்னேரம் வெள்ளவத்தையில் அவருடைய வீட்டுக்குக் கொண்டுபோனேன். உடனே கட்டிப் பார்த்தார். அழகாக இருந்தது. நான் தைத்ததில் அதுபோல ஒன்று இல்லை.

"கடற்காத்தில மடிப்பு எப்பிடி ஆடுது எண்டு பாப்பம் துரை," என்றேன்.

அந்த வீட்டின் பின்படலையைத் திறந்தால் றெயில் பாதை, அதற்கு அப்பால் கடல். கடல் இரைச்சலில், தெஹிவளைப் பக்கமிருந்து வரும் றெயிலின் சத்தம் கிட்ட வரும்வரை காதில் விழாது. முந்தின கிழமையே போய் நின்று பார்த்து வைத்திருந்தேன். துரை பாதை ஓரத்தில் கடலைப் பார்த்தபடி நின்றார். நான் பின்னால் நின்று மடிப்புகளைச் சரிசெய்தேன்.

"நிமிர்ந்து நில்லுங்கோ துரை," என்றேன்.

நிமிர்ந்தார். முதுகில் உள்ளங்கையை வைத்தேன். அளவெடுக்கும்போது எப்போதும் அப்படித்தான் வைப்பேன். அவருக்குப் பழகிய கை. அதனால் திரும்பிப் பார்க்கவில்லை. றெயில் கிட்ட வந்ததும் தள்ளினேன். அதிகம் பலம் தேவைப்படவில்லை.

எல்லோரும் விபத்து என்றுதான் சொன்னார்கள். நான் செய்த ஒரே முட்டாள்தனம், உடலிலிருந்து கழற்றிய கில்ட்டை றோஸியிடம் கேட்டது. அதைக் கையோடு எரித்துவிட நினைத்தேன்.

"மனிசன் செத்துக் கிடக்கிறார். நீங்க உடுப்பைக் கேக்கிறீங்களே, நீங்க ஒரு மனிசனே!" என்று கத்தினாள். அதன்பிறகுதான் அவள் உங்களிடம் வந்திருக்கிறாள். பெண்பிள்ளைகளுக்குத் துணியின் அருமை தெரிவதில்லை.

காலையில் அலவி நானாவை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். பகிடிக்கார மனுஷன் அழுதுகொண்டு நின்றார்.

"தொரைக்கு மொத நாளே தெரியும் வலன்ரைன். ஒங்கட கடையால எறங்கி நேரா என்ட கடைக்குத்தான் வந்தாரு. அந்தப் பச்சச் சாரத்தத் தொட்டுப் பாத்தாரு, சிரிச்சாரு, இதுல ஒண்டு தாங்க நானா எண்டாரு. வலன்ரைனுக்கிட்ட சொல்ல வாணாம், அவன் எனக்குப் பெத்த உம்மா ஒருத்தியத் தந்தீக்கிறான், அவன்ட மனசு நோகும் எண்டாரு. நானும் வாயப் பொத்திக்கிட்டு இருந்துட்டன். யா அல்லாஹ், சொல்லித் தொலச்சிருக்கலாமே."

நானாவுக்கு என்மேல் பொறாமை, ஐயா. என் கடைக்குத் துரைமார் வருவது அவருக்குப் பொறுக்கவில்லை.

துரையின் அலுமாரியிலிருந்து எடுத்ததென்று நீங்கள் காட்டிய சாரத்தையும் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் படுக்கும்போது அதைத்தான் கட்டுவாராம், றோஸி சொல்கிறாள். அதே கட்டம்தான். கரை தேய்ந்திருக்கிறது, பச்சை வெளுத்திருக்கிறது. துணியைப் பற்றி நான் பொய் சொல்லமாட்டேன், மூன்று வருடமாகத் தோய்த்துத் தோய்த்துக் கட்டிய சாரம். றோஸி யாரிடமாவது பழையதாக வாங்கிக்கொண்டுவந்து வைத்திருப்பாள்.

படலைக்கு உள்பக்கம் நின்ற அவளுக்கு, துரை கடைசியில் ஏதோ சொல்லிச் சிரித்தது கேட்டதாம். உண்மைதான், சொன்னார். நான் கையை முதுகில் வைத்திருந்தேன். அவர் கடலைப் பார்த்தபடியே, "வலன்ரைன், இவ்வளவு நல்ல சாரம் எனக்கு ஒருத்தரும் தந்ததில்லை," என்றார்.

துரைக்குத் தமிழ் போதாது, ஐயா. என்ன இருந்தாலும் வெள்ளைக்காரர்தானே. கில்ட்டுக்கு வேறு சொல் வாயில் வராமல் சாரம் என்று சொல்லிவிட்டார். நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் கையெழுத்து வைக்கிறேன். அதைக் கேட்டபிறகுதான் தள்ளினேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.